டிஷ்வாஷர் பாதியில் நின்றால்: தண்ணீர் போகும் வழியிலேயே போய்த் தேடுங்கள்

டிஷ்வாஷர் பாதியில் நின்றதும் நம்மவர்கள் செய்வது இரண்டு. திரையில் மின்னும் குறியீட்டைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பது, இல்லையென்றால் நேரே சர்வீஸ் சென்டருக்கு போன் போடுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்துவிட்டால் பல நேரம் ஆளே வரத் தேவையில்லை. வந்தாலும், எதற்காக வருகிறார் என்று தெரிந்துகொண்டே வரவழைக்கலாம்.

முதலில் அந்தக் குறியீடு. பாஷ், சீமென்ஸ் மெஷின்களில் ஈ-24 என்று காட்டினால் உடனே "பம்ப் போச்சு" என்று புதுப் பம்ப் ஆர்டர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறியீட்டுக்குப் பொருள் அதுவல்ல. தண்ணீரை வெளியே தள்ளச் சொன்னேன், நேரத்துக்குள் போகவில்லை என்று மெஷின் சொல்கிறது, அவ்வளவுதான். எலக்ட்ரோலக்ஸ், ஏஇஜி மெஷின்களில் ஐ-20, எல்ஜியில் ஓஈ, சாம்சங்கில் 5சி, எல்லாமே இதே புகார்தான். ஐ-10, ஐஈ, 4சி ஆகியவை தண்ணீர் உள்ளே வரவில்லை என்பவை. ஈ-15, ஐ-30, எல்சி ஆகியவை அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது என்பவை. எதற்காகக் காத்திருந்து ஏமாந்தேன் என்பதைத்தான் மெஷின் சொல்லும். எந்தப் பாகத்தால் ஏமாந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும். அந்தப் பாகம் சில நேரம் மெஷினுக்குள்ளேயே இருக்காது, சிங்க்குக்கு அடியில் இருக்கும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

சுவரோடு பதித்த மெஷினாக இருந்தாலும் சரி, தனியாக நிற்பதாக இருந்தாலும் சரி, வேலை நடக்கும் வரிசை ஒன்றுதான். தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் வடிகால் பம்ப் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடி, பழைய தண்ணீரை வெளியேற்றும். அடுத்து உள்வரும் வால்வு திறந்து 'ஸ்ஸ்' என்ற சீறல் கேட்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூன்று, நான்கு லிட்டர் இறங்கியிருக்கும். சீறல் நின்றதும் சுழற்சிப் பம்ப் கிளம்பும், தண்ணீர் எஃகுச் சுவரில் மோதும் சளசளப்பு கேட்கும். இந்தச் சளசளப்புக்குள்தான் சூடேறுவதும் நடக்கிறது. சிறிது நேரத்தில் 'டக்' என்று சோப்புப் பெட்டியின் மூடி திறக்கும். பிறகு வடித்தல், மறுபடி நிரப்புதல், அலசல், கடைசியாகச் சூடான அலசல், வடித்தல், உலர்த்தல்.

ஒருமுறை முழுவதும் கேட்டு வைத்துக்கொண்டால், எந்த இடத்தில் நின்றது என்பதை வைத்தே பாதி நோய் தெரிந்துவிடும். சீறல் ஒலியே வரவில்லை என்றால் நிரப்பும் பக்கம் கோளாறு. சீறல் வந்து, சளசளப்பு வராமல் மோட்டார் முனகுகிறது என்றால் சுழற்சிப் பம்ப். பதினைந்தாவது, இருபதாவது நிமிடத்தில் வீடே இருண்டால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். திரையில் மீதி நேரம் ஒரே எண்ணில் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் சூடேறக் காத்திருக்கிறது.

ஈகோ திட்டம் மூன்று, நான்கு மணி நேரம் ஓடுவது கோளாறு இல்லை. குறைந்த சூட்டில், குறைந்த தண்ணீரில் கழுவுவதால் நேரத்தைத்தான் அது செலவழித்தாக வேண்டும்.

கை வைக்கும் முன்

சுவர் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பதித்த மெஷின்களுக்கு பிளக் பெரும்பாலும் பக்கத்து அலமாரிக்குள் அல்லது சிங்க்குக்கு அடியில் இருக்கும். அதைத் தேடும்போதே பிளக்கின் முகத்தைப் பாருங்கள். ஹீட்டர் ஓடும்போது இந்த மெஷின் 2,000 வாட் அளவுக்கு இழுக்கும், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். ஒரு காலைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருந்தால் சாக்கெட் பிடி தளர்ந்திருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. இரண்டு முள் அடாப்டர், நீட்டிப்புப் பெட்டி, டைமர் சுவிட்ச் எதுவும் இந்த மெஷினுக்கு வேண்டாம்.

தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். தேவைப்படுபவை: ஒரு வாளி, கடற்பஞ்சு, டார்ச், தடித்த கையுறை, டி-15, டி-20 டார்க்ஸ் திருப்புளிகள், மல்டிமீட்டர். கையுறையை அலட்சியப்படுத்த வேண்டாம். மெஷினின் அடித்தகட்டின் ஓரங்கள் மழுக்கப்படாதவை. வடிகட்டிக்குக் கீழே உடைந்த கண்ணாடி கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே கையை விடுங்கள்.

தண்ணீர் வெளியே போகவில்லை

வீட்டில் வரும் புகார்களில் இதுதான் அடிக்கடி வருவது, கையால் தீர்க்க எளிதானதும் இதுவே.

கீழ்த்தட்டை வெளியே எடுங்கள். தேங்கிய தண்ணீரைக் குவளையால் மொண்டு, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். உருளை வடிவ வடிகட்டியை இடப்பக்கமாகத் திருப்பித் தூக்கினால் வரும். அதன் அடியிலுள்ள தட்டை வலையும் கூடவே வந்துவிடும். கீழே குழியில் ஒரு கோப்பை அளவுக்குத் தெளிந்த தண்ணீர் இருப்பது இயல்பு, சீல் காய்ந்துவிடாமல் அது காக்கிறது. அதற்கு மேல் இருந்தால்தான் பிரச்சினை.

அந்தக் குழியின் ஒரு பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதுதான் வடிகால் பம்ப்பின் மூடி. சில மெஷின்களில் ஒரு டி-20 திருகு, சிலவற்றில் கரண்டிக் காம்பால் நெம்பினாலே கழன்றுவிடும். உள்ளே சின்னச் சக்கரம் ஒன்று தெரியும். அதைக் குச்சியால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாமல், விட்டு விட்டுத் தாவித் தாவிச் சுற்றினால் நல்லது. உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும். இதைப் பார்த்துப் பம்ப் இறுகிவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. சுற்றவே மறுத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது. எந்தப் பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று சுழன்றால் சக்கரம் அச்சிலிருந்து கழன்றிருக்கிறது, பம்ப்பை மாற்ற வேண்டும்.

சிக்குபவை எவை? கண்ணாடிச் சில்லு, பல்குச்சி, மீன்முள், எலுமிச்சை விதை, பட்டைத் துண்டு, இறால் ஓட்டின் கூர்முனை. இவற்றைவிட மோசமானது ஊறுகாய், ஜாம் பாட்டில்களின் காகித லேபிள். வெந்நீரில் கரைந்து கூழாகி வடிகட்டியைத் தாண்டிப் போய்ச் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். லேபிளை உரித்துவிட்டுப் போடுங்கள்.

மூடியைத் திரும்பப் போடும்போது 'கிளிக்' என்று உட்கார வேண்டும். பாஷ் மெஷின்களில் ஈ-25 வருவதற்கு அடைப்பு ஒரு காரணம், சரியாக உட்காராத இந்த மூடி இன்னொன்று. சுத்தம் செய்த மறுநாளே ஈ-25 வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

இப்போது சோதனை. உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கதவை மூடி, மெஷினை ரீசெட் செய்யுங்கள். பலவற்றில் தொடக்கப் பொத்தானை 3 விநாடி அழுத்திப் பிடித்தால் ரீசெட் ஆகி வடிகால் பம்ப் ஓடும். காதைக் கொடுங்கள். பம்ப் முனகுகிறது, தண்ணீர் அசையவில்லை என்றால் சக்கரம் சிக்கியிருக்கிறது. பம்ப் தாராளமாக ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனாலும் தண்ணீர் போகவில்லை என்றால் அடைப்பு ஹோஸில் அல்லது அதற்கு அப்பால். ஒரு சத்தமும் இல்லை என்றால் பம்ப்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் காயில் (கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு, வயரைக் கழற்றி பம்ப்பின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால், வழக்கமான 230 வோல்ட் வடிகால் பம்ப் 150 முதல் 250 ஓம் அளவில் ஏதாவது காட்டும். மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் பம்ப் போய்விட்டது.

ஆனால் பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. இதைச் செய்யாமல் ஒரு பாகமும் வாங்காதீர்கள். வடிகால் ஹோஸை, சிங்க்குக்கு அடியில் கழிவுநீர் போகும் பொறியிலிருந்து கழற்றி, அதன் வாயை உயர்த்திப் பிடித்தபடி வாளிக்குள் விட்டு, வடிகால் பம்ப்பை ஓட்டுங்கள். வாளியில் தண்ணீர் வேகமாகக் கொட்டினால் மெஷினில் குறையே இல்லை. குறை வீட்டின் குழாயில். கொட்டாமல் ஒழுகினால் குறை மெஷினில் அல்லது ஹோஸில். இந்த ஒரே சோதனை, பிளம்பரைக் கூப்பிடுவதா சர்வீஸ்காரரைக் கூப்பிடுவதா என்ற கேள்வியைத் தீர்த்துவிடும்.

சிங்க் பொறியில் அடைவது எது என்று கேட்டால் எல்லோரும் தேங்காய் எண்ணெயைச் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் உறைவது 24 டிகிரிக்குக் கீழே. நம் சிங்கப்பூர் அடுப்படியில் அது உறைய வாய்ப்பே இல்லை. உண்மையான குற்றவாளி ஆட்டுக் கொழுப்பு. மட்டன் குழம்புச் சட்டியை வெந்நீரில் கழுவும்போது உருகி ஓடி, பொறியின் குளிர்ந்த சுவரில் பட்டதும் கெட்டியாகும். அதன்மேல் இட்லி மாவும் சோற்றுக் கஞ்சியும் படிந்தால் சுண்ணாம்புபோல இறுகிவிடும். பொறியின் கிண்ணத்தைக் கழற்றி, ஹோஸ் சேரும் மூக்கையும் சுரண்டி எடுங்கள். அந்த மூக்கின் துளை சின்னது, முதலில் அடைவதும் அதுதான்.

புதிதாகப் பொருத்திய மெஷின் முதல் நாளே வடிக்கவில்லை என்றால் பொறியின் மூக்கில் உள்ள பிளாஸ்டிக் தடுப்பை வெட்டி எடுக்க மறந்திருப்பார்கள். சிங்க்கில் உணவுக் கழிவு அரைப்பான் வைத்திருந்தாலும் இதே கதை, உள்ளிருக்கும் தடுப்பைத் தட்டி எடுக்க வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் துணி துவைக்கும் இடத்துத் தரைப் பொறியில் ஹோஸை விட்டுவிடுவது வழக்கம். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஹோஸ் மேலே ஏறி வளையாமல் தரையோடு தரையாகப் போனால், நிரப்பிய தண்ணீர் தானாகவே உறிஞ்சி வெளியேறிவிடும். மெஷின் மறுபடி நிரப்பும், மறுபடி வெளியேறும். கடைசியில் 'தண்ணீர் வரவில்லை' என்ற குறியீடு வரும், நீங்கள் தவறான முனையில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஹோஸ் ஓரிடத்தில் தரையிலிருந்து குறைந்தது 40 செ.மீ. உயரம் ஏறி இறங்கட்டும். ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றினால் பம்ப்புக்குத் திணறல். சரியான அளவை உங்கள் மெஷினின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் உள்ளே வரவில்லை, அல்லது நிற்கவில்லை

குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் சிங்க்குக்கு அடியில் சாமான்களை அடுக்கும்போது பாதி மூடிக்கொண்ட கோண வால்வுகள் ஏராளம். ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடத்துக்கு வாளியில் பிடியுங்கள். பத்து லிட்டருக்குக் குறைவாக வந்தால் பல மெஷின்களுக்கு அது போதாது.

நன்றாக வருகிறது என்றால் ஹோஸின் முனையில் உள்ள சல்லடையைப் பார்க்கவும். புளோக்கின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய பிறகோ, குழாய் வேலை நடந்த பிறகோ மணலும் துருவும் இங்கே வந்து நிற்கும். மூக்கு நீண்ட குறடால் வலையை மெல்ல இழுத்தால் வந்துவிடும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். வலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுவது மட்டும் வேண்டாம். அடுத்த மணல் துகள் வால்வின் வாயில் உட்காரும். பிறகு வால்வு மூடவே மூடாது.

குழாய்ப் பக்க முனையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தால், வால்வு அதற்குள்ளேயே இருக்கிறது. ஹோஸுக்குள் மின்கம்பியும் ஓடுகிறது. அப்படிப்பட்ட ஹோஸை வெட்டி நீளம் கூட்டக் கூடாது, பெட்டியைத் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. வால்வின் காயில் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ ஓம் காட்டும்.

நிரப்புவது நிற்கவே இல்லை என்றால் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் தண்ணீர் ஏறினால் வால்வுக்குள் குப்பை அல்லது தேய்மானம், வால்வை மாற்ற வேண்டியதுதான். அணைத்ததும் நின்றால் வால்வு நல்லது. தண்ணீர் மட்டத்தை அறியும் சென்சாரோ, மெஷினைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டோதான் அதற்குத் தவறான கட்டளை தருகிறது. சென்சாருக்குப் போகும் சின்னக் குழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போர்டைப் பற்றி யோசியுங்கள்.

வீட்டு மின்சாரம் விழுகிறது

டிபி பெட்டியில் (வீட்டு மின்விநியோகப் பெட்டி) உள்ள ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச், மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எர்த்துக்குக் கசிந்தால் விழுந்துவிடும். சிங்கப்பூரில் 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த விதிப்படி, அது இல்லாத பழைய வீடுகளும் இரண்டு ஆண்டுகளுக்குள் பொருத்தியாக வேண்டும் என்றானது. பெரும்பாலான வீவக வீடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபிதான். அதனால் குளிர்பதனப் பெட்டி, கணினி எல்லாவற்றின் சிறு கசிவுகளும் சேர்ந்தே கணக்கில் வரும். டிஷ்வாஷர் கடைசியாகச் சேர்க்கும் சிறு கசிவால் மொத்தம் எல்லைக்கு மேல் போயிருக்கலாம். மற்ற பெரிய சாதனங்களின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஷ்வாஷரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் குறை இதில்தான்.

எப்போது விழுகிறது என்பது முக்கியம். பிளக்கைச் செருகியதும் விழுந்தால் பிளக், கம்பி, மின்சாரம் உள்நுழையும் இடத்து ஃபில்டர். தண்ணீர் இறங்கும்போது விழுந்தால் வால்வு, அல்லது அதன்மேல் சொட்டும் ஈரம். பதினைந்து, இருபது நிமிடம் கழித்து விழுந்தால் ஹீட்டர். மழைக்காலத்தில் மட்டும், நேரம் காலம் இல்லாமல் விழுந்தால் போர்டைத் திறந்து பாருங்கள். கதகதப்பான இடம் தேடி வந்த கரப்பானோ பல்லியோ அங்கே காய்ந்து கிடக்கும். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல, நம் ஊர்ச் சமையலறையில் போர்டுகள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹீட்டரை அளப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டரின் இரு முனைகளிலும் வயரைக் கழற்றி அளந்தால், 2,000 வாட் ஹீட்டருக்கு 26 ஓம், 1,800 வாட்டுக்கு 29 ஓம் அளவில் இருக்க வேண்டும். எல்லையற்றது என்றால் கம்பி அறுந்துவிட்டது; சூடேறாததன் காரணம் அதுவே. ஆனால் எர்த் கசிவைப் பிடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதாது. ஆர்சிசிபி நடைமுறையில் 15 மில்லி ஆம்பியரைத் தாண்டியதுமே விழலாம். அதற்கு ஏறத்தாழ 15 கிலோ ஓம் கசிவுத் தடை போதும். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது, 230 வோல்ட் ஏறும்போது மட்டும் உடையும் காப்பு அதற்குத் தெரியாது. காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவி வைத்திருப்பவர் அளக்கும்போது 1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால்தான் ஹீட்டர் நல்லது. மல்டிமீட்டரில் 'சரி' என்று வந்ததை நம்பி ஹீட்டரை விடுவித்துவிட வேண்டாம். பிளக்கின் முட்களில் அளப்பதும் ஏமாற்றும், ஹீட்டருக்கு முன்னே ரிலே (போர்டு இயக்கும் சுவிட்ச்) திறந்து நிற்கிறது.

இந்தியாவுக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில், திரும்பி வந்து முதல் முறை ஓட்டும்போது ஆர்சிசிபி விழுவதுண்டு. குழாய் வடிவ ஹீட்டரின் உள்ளே நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சுவதால் வரும் கசிவு இது.

இப்போது வரும் பல மெஷின்களில் ஹீட்டர் சுழற்சிப் பம்ப்போடு ஒட்டியே வருகிறது. பாஷில் ஈ-09 வந்தால் அதைத்தான் குறிக்கும். ஹீட்டரை மட்டும் மாற்ற வழியில்லை, பம்ப் முழுவதையும் மாற்ற வேண்டும். வாங்கும் முன் போர்டில் ஹீட்டர் ரிலேயின் கால்களில் ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். 9 ஆம்பியர் போய்வரும் இடம் அது. பற்றைப் புதுப்பித்தாலே பல நேரம் ஹீட்டர் உயிர் பெறும்.

வெப்பத்தை அறியும் என்டிசி சென்சார் பலவற்றில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம். நம் வீட்டின் 30 டிகிரிக்கு அது 8 கிலோ ஓம் அளவில் காட்டும். குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். கையில் பிடித்துச் சூடாக்கினால் எண் சீராக இறங்க வேண்டும். தாவினால் மாற்றுங்கள்.

அடித்தட்டில் தண்ணீர்

ஈ-15 வந்த மெஷின் நடுஇரவிலும் பம்ப்பை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும். அடித்தட்டில் மிதவை ஒன்று மேலெழுந்து சுவிட்சைத் தட்டியிருக்கிறது. முதலில் குழாயை மூடுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள்.

இணையமெங்கும் 'மெஷினைப் பின்னால் சாய்த்தால் சரியாகிவிடும்' என்று இருக்கும். சாய்த்தால் தண்ணீர் வழிந்து மிதவை இறங்கும், குறியீடு போகும், உண்மை. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்து மறுபடி வரும். நம் வீடுகளில் அது கீழ்வீட்டுக் கூரைக்கும் போகும். சாய்ப்பது தற்காலிகம்.

முதல் சந்தேகம் நுரை. கையால் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு கரண்டி உள்ளே போயிருந்தாலும் நுரை பொங்கிக் கதவு வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் அடித்தட்டுக்குப் போகும். கதவைத் திறந்து நுரையைப் பாருங்கள். உப்போ வினிகரோ தூவி அடக்கி, இரண்டு மூன்று முறை தண்ணீர் மட்டும் ஓட்டி வடியுங்கள். அப்படியில்லை என்றால் முன்பக்க அடிப்பலகையைக் கழற்றி, துணியால் ஒற்றி முழுவதும் உலர்த்துங்கள். ஹோஸ் இணைப்புகள், பம்ப் சீல், குழியின் சீல் ஆகியவற்றின் கீழே காகிதத் துண்டுகளை வைத்து, குறுகிய அலசல் திட்டத்தை ஓட்டுங்கள். எந்தக் காகிதம் முதலில் நனைகிறதோ அதற்கு மேலே குறை. கதவின் அடி ரப்பரில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கை, முன்பக்கம் சாய்ந்து நிற்கும் மெஷின், சாய்வாக வைத்த பெரிய தாம்பாளம் தண்ணீரைக் கதவின் மேல் திருப்புவது ஆகியவையும் காரணமாகும்.

ஓடுகிறது, ஆனால் சுத்தமாகவில்லை

இதற்குக் குறியீடு வராது. இங்கேதான் மெஷினும் நம் சமையலும் மோதிக்கொள்கின்றன.

தெளிப்புக் கைகள் சுற்றுகின்றனவா என்று முதலில் பாருங்கள். கீழ்க் கையை முன்பக்கம் நீட்டி வைத்து, இரண்டு நிமிடம் ஓட்டித் திறங்கள். இடம் மாறியிருக்கிறதா? இப்படி மூன்று முறை பார்த்தும் ஒரே இடத்தில் நின்றால் தட்டு எதுவோ தடுக்கிறது அல்லது துளைகள் அடைத்துள்ளன. கையைக் கழற்றிக் குலுக்குங்கள்; உள்ளே கலகலவென்று கேட்டால் கடுகு. கடுகு தெளிப்புத் துளைக்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கும், கறிவேப்பிலைக் காம்பும் அப்படியே. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, குழாயடியில் பிடித்துத் தலைகீழாக அலசுங்கள்.

கடுகு அங்கே போய்ச் சேர்ந்தது எப்படி? வடிகட்டி பூட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்ததால். மேல்தட்டுக் கோப்பைகளில் மண்போல் துகள் ஒட்டியிருந்தால் இதுவே காரணம் என்று அடித்துச் சொல்லலாம். அம்புக்குறி சேரும்வரை திருப்பிப் பூட்டுங்கள்.

கிண்ணம் ஒன்று கவிழாமல் நிமிர்ந்து நின்றால் அது ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, மற்ற பாத்திரங்களுக்குக் குறைத்துவிடும். மொத்தம் நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் போனால் பம்ப் காற்றை இழுக்கும். சளசளப்பு விட்டு விட்டுக் கேட்கும்.

மட்டன், நெய் சேர்ந்த பாத்திரங்களை 65, 70 டிகிரி திட்டத்தில் போடுங்கள். குறைந்த சூட்டில் கொழுப்பு உருகாமல் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறை படிவது மெஷினின் குறையல்ல. மஞ்சளில் உள்ள குர்குமின் சாயம் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்கில் இறங்கிவிடுகிறது. ஜன்னலோரம் வெயிலில் சில நாள் வைத்தால் வெளிறும். அலுமினிய இட்லித் தட்டு, பழைய பிரஷர் குக்கர் இரண்டும் காரமான டிஷ்வாஷர் சோப்பில் கறுத்துப்போகும். அவற்றைக் கையால்தான் கழுவ வேண்டும். எவர்சில்வர் தாராளமாகப் போகலாம், டபராவின் மடிந்த விளிம்பில் மட்டும் தண்ணீர் நின்றுகொள்ளும்.

சிங்கப்பூர்த் தண்ணீர் மென்மையானது. ஐரோப்பிய மெஷின்கள் கடினநீரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை, நிறுவியபோது யாரும் கடினத்தன்மை அளவை மாற்றியிருக்க மாட்டார்கள். அதை மிகக் குறைந்த நிலையில் வையுங்கள். உப்பு தீர்ந்ததைக் காட்டும் விளக்கைக் கண்டு சமையல் உப்பைக் கொட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் உள்ள அயோடினும் கட்டிதடுப்பானும் தண்ணீரை மென்மையாக்கும் பகுதியின் பிசினைக் கெடுக்கும். மென்னீரில் சோப்பு அதிகமானால் கண்ணாடி மங்கும். மங்கல் படிவா, அரிப்பா என்று அறிய வினிகரில் துணியை நனைத்துத் துடையுங்கள். போனால் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, திரும்ப வராது. அடுத்த கண்ணாடிகளுக்காகச் சோப்பைக் குறையுங்கள்.

எதுவுமே அடையவில்லை, ஆனாலும் தண்ணீர் பலவீனமாகத் தெளிக்கிறது, மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் பழைய வகை மோட்டாரின் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். மூன்று, நான்கு மைக்ரோஃபாரட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கலாம், ஒரு மின்தடையால் (ரெசிஸ்டர்) வெளியேற்றிவிட்டுத் தொடுங்கள்.

எங்கே நிறுத்துவது

வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுதானால் ஒரு திருகையும் தொடாதீர்கள். 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள குறைபாட்டுப் பொருள் சட்டப்படி, விநியோகித்த ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை முதலிலேயே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவரின் பொறுப்பு. பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். ஒத்துவரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. நீங்கள் பிரித்துப் பார்த்த தடயம் இருந்தால் வழக்கு பலவீனமாகும்.

சாக்கெட், டிபி பெட்டி, சுவருக்குள் ஓடும் கம்பி எதுவானாலும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்வேலைக்காரரின் வேலை. போர்டும், ஹீட்டர் சேர்ந்த பம்ப்பும் இரண்டும் சேர்ந்து போய்விட்ட பத்தாண்டு மெஷின் என்றால் என் கணக்குச் சுருக்கமானது: பாகமும் கூலியும் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம்.

பாகம் வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கதவின் ஓரத்தில் உள்ள தகட்டில் மாடல் எண் இருக்கும். பாஷ், சீமென்ஸ் மெஷின்களில் இ-என்ஆர் என்று தொடங்கும் எண்ணும், எஃப்டி என்ற தேதிக் குறியும் இரண்டும் வேண்டும். ஒரே மாடலில் வெவ்வேறு ஆண்டுக்கு வெவ்வேறு பம்ப் போட்டிருப்பார்கள். மல்டிமீட்டர், கெப்பாசிட்டர் போன்றவற்றுக்கு சிம் லிம் டவர் போதும்.

சரிசெய்த பிறகு அடிப்பலகையைப் போடாமலேயே குறுகிய திட்டம் ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். நிரம்பும்போதும், சூடேறும்போதும், வடியும்போதும் டார்ச் அடித்துப் பாருங்கள். சீல்கள் குளிரில் பிடித்து, சூட்டில் கசிவதுண்டு. மெஷினை உள்ளே தள்ளும்போது வடிகால் ஹோஸை சிங்க் அலமாரிப் பக்கமிருந்து ஒருவர் மெல்ல இழுத்துக்கொண்டே வரட்டும். பின்னால் மடிந்து நசுங்கிய ஹோஸ்தான் அடுத்த வாரம் ஈ-24 ஆக வந்து நிற்கும். ஒரு காகிதத்தை அடியில் விட்டுவைத்து, மறுநாள் காலை உலர்ந்திருந்தால் அடிப்பலகையைப் பூட்டிவிடலாம்.